லட்சுமம்மா சிரிக்காத படம்

பெங்களூர் லிங்கராஜபுரத்துக்கு வந்து லாயிட் வீடு எது என்று கேட்டால், எந்த லாயிட் என்று திருப்பிக் கேட்பார்கள். வீடியோ லாயிட் என்றால் போதும், வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த வட்டாரத்தில் நடந்த கல்யாணம், தேவாலயத்துப் புதுநன்மை, மஞ்சள் நீராட்டு, அடக்கம் எதுவும் அவர் கேமராவுக்குத் தப்பியதில்லை. மேடையில் அழுகிற பெண்ணின் தாயை எந்தக் கோணத்தில் எடுத்தால் அந்தத் தாயே பிறகு பார்த்துப் பூரித்துப்போவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு குறை. நாற்பத்தேழு வயதாகியும் ஒருவர்கூட அவரை டைரக்டர் என்று கூப்பிட்டதில்லை. "வீடியோக்காரர் சாப்ட்டாரா?" என்று கல்யாண வீட்டில் யாராவது ஞாபகம் வந்து கேட்பதுதான் அவருக்குக் கிடைத்த அதிகபட்ச மரியாதை. அதையும் கடைசிப் பந்தி முடிந்து இலையெல்லாம் எடுத்த பிறகுதான் கேட்பார்கள்.

அவர் தொழிலுக்கு இரண்டே சட்டம். ஒன்று, எல்லார் முகமும் வர வேண்டும். ஒரு பெரியப்பாவின் முகம் விட்டுப்போனால் இரண்டு குடும்பங்களுக்குள் பேச்சு வார்த்தை நின்றுபோகும். இன்னொன்று, கல்யாண வீட்டார் வீடியோவை வாங்கிக்கொண்டு போனதும் டிஸ்க்கைத் துடைத்துவிட வேண்டும், அடுத்த முகூர்த்தத்துக்கு இடம் வேண்டுமே. அனுமதி, ஒப்புதல் என்ற பேச்செல்லாம் அங்கே கிடையாது. கேமராவைக் கண்டால் ஜனங்கள் தாமாகவே தலையைக் கோதிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஏன் எடுக்கவில்லை என்றுதான் சண்டை வருமே தவிர, ஏன் எடுத்தாய் என்று யாரும் கேட்டதில்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் ஸ்ரீராம்புரத்தில் ஒரு கல்யாணம். ஊர்வலத்தில் வெடித்த பட்டாசுக் காகிதம் காலையில் மண்டபத்து வாசல் முழுக்கச் சிவப்பாகக் கிடந்தது. லாயிட் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். சேலைக்கு மேல் கார்ப்பரேஷன் கோட்டு போட்ட ஓர் அம்மாள் அந்தக் காகிதத்தைப் பெருக்கிக்கொண்டே, கூட வேலை செய்கிற பெண்களுக்கு மாப்பிள்ளையின் சித்தப்பா ஊர்வலத்தில் ஆடிய ஆட்டத்தை ஆடிக் காட்டினார். துடைப்பம்தான் ஜோடி. ஆடி முடித்து அவர் சிரித்த சிரிப்பில் எதிர் டீக்கடைக்காரர் பாலைப் பொங்க விட்டுவிட்டார். லாயிட்டின் கை தானாகக் கேமராவை எடுத்தது.

"இன்னா தம்பி, என்னைப் போய் புடிக்கிற? கல்யாணப் பொண்ணு உள்ள கீது," என்றார் அந்த அம்மாள்.

அவர்தான் லட்சுமம்மா, இருபத்தாறு வருடமாக அதே ஸ்ரீராம்புரத்தில் தெருக் கூட்டுகிறவர். நெஞ்சில் கை வைத்துச் சொன்னால், லாயிட்டின் ஆவணப்படம் அந்தச் சிரிப்பில்தான் பிறந்தது.

அதற்குப் பிறகு முகூர்த்தம் இல்லாத நாளெல்லாம் லாயிட் ஸ்ரீராம்புரத்தில்தான் கிடந்தார். காலை ஆறு மணிக்கு லட்சுமம்மா வருகை பதிவு செய்யும்போது அங்கே இருப்பார், மத்தியானம் அவர் வீட்டுக்குத் திரும்பும்வரை பின்னாலேயே நடப்பார். லட்சுமம்மா மேஸ்திரியைப் போல நடந்து காட்டுவார். மாடி வீட்டுக்காரர் ஒருவர் குப்பைக் கூடையை வெடிகுண்டு மாதிரி நீட்டுவதைச் செய்து காட்டுவார். படம் பிடிக்கிற லாயிட் குலுங்கிச் சிரித்து, பாதி ஷாட் ஆட்டம் கண்டுவிடும். அந்தத் தெருவில் அவருக்கு டீ கொடுக்காத வீடு இல்லை. அவர் கேமராவுக்கு முன்னால் வந்து நின்று நாலு வார்த்தை பேசாத ஆளும் இல்லை.

எடுக்கிறவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் லாயிட்டைக் கலை பிடித்துக்கொண்டது.

பிடிக்க வைத்தவர் பார்கவி. வைட்ஃபீல்டில் ஐ.டி. வேலை, பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு, அங்கேயே மாதம் ஒரு சனிக்கிழமை திரைப்பட வட்டம் நடத்துகிறவர். தன் தங்கை கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க வந்தவர் ஆவணப்படமும் எடுக்கிறார் என்று தெரிந்ததும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடவே உட்கார்ந்து ஆலோசனை சொன்னார்.

"லாயிட் சார், இவங்க சிரிக்கும்போதெல்லாம் படத்தோட கனம் போயிடுது. ஆடியன்ஸ் ரிலாக்ஸ் ஆயிடறாங்க. அவங்கள ரிலாக்ஸ் ஆக விடவே கூடாது."

இருபத்திரண்டு வருடமாக ஜனங்களைச் சந்தோஷப்படுத்தியே பிழைத்தவருக்கு இது புதுப் பாடம். நல்ல மாணவர் அவர். ஒவ்வொரு சிரிப்பாகத் தேடித் தேடி வெட்டினார். சிரிப்பு இருந்த இடத்தில் மௌனம் வந்தது. மௌனத்துக்குக் கீழே சோகமாக இழுக்கிற செல்லோ வாத்தியம் வந்தது. தெருக்காரர்கள் பேசிய பேச்சும் போனது, முகங்களும் போயின. வெட்டியதையெல்லாம் தொழில் வழக்கப்படி அந்தந்த மாதமே துடைத்துப் போட்டார். அடுத்த மாதத்து முகூர்த்தங்கள் வரிசையில் நின்றன அல்லவா?

கடைசியில் எழுபத்து நாலு நிமிடத்தில் படம் முடிந்தது. பெயர் 'தூசியின் மௌனம்'. கறுப்புத் திரையில் 'இயக்கம்: லாயிட்' என்று வெள்ளை எழுத்து வரும் இடத்தை மட்டும் அவர் ஒன்பது முறை ஓட்டிப் பார்த்துக்கொண்டார். பள்ளிக்கூட ஆசிரியையான அவர் மனைவி மௌரீன் முழுப் படத்தையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏங்க, இதுல யாரு செத்துப் போனது?"

கலை தெரியாதவர்களுக்கு முதலில் காட்டியது தன் தப்பு என்று லாயிட் மனதைத் தேற்றிக்கொண்டார்.

முதல் திரையிடல் வைட்ஃபீல்டில், பார்கவியின் குடியிருப்புக் கிளப் ஹாலில் நடந்தது. நாற்பது பேர் வந்திருந்தார்கள். படம் முடிந்ததும் அரை நிமிடம் யாரும் அசையவில்லை. கல்யாண வீட்டில் வீடியோ போட்டு அப்படி அமைதி விழுந்தால், எங்கேயோ ஒரு பெரியப்பாவின் முகம் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். பிறகுதான் கைதட்டல் வந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்து, ஆரம்பத்தில் நாலு நிமிடம் அசையாமல் நிற்கிற அந்த வெறும் தெரு ஷாட்டைப் பற்றிக் கேட்டார். அந்த நிதானம் எங்கிருந்து வந்தது, என்ன தைரியம் அது?

உண்மை என்னவென்றால், அன்றைக்கு லாயிட் கேமராவை நிறுத்த மறந்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்.

"அது ஒரு காத்திருப்பு," என்றார் லாயிட். எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று அவருக்கே தெரியாது. நாற்பது தலைகளும் ஆடின. ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனிமேல் தன் வீட்டுக் குப்பையைத் தானே பிரித்துக் கொடுக்கப் போவதாக எல்லார் முன்னிலையிலும் சபதம் செய்தார். வாசலில் விடைபெறும்போது இளைஞர் ஒருவர் கையைக் குலுக்கி, "தேங்க் யூ, டைரக்டர்," என்றார். மெட்ரோவில் பையப்பனஹள்ளி வரை லாயிட் உட்காரவே இல்லை. இடம் காலியாகத்தான் இருந்தது, அவருக்குத்தான் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரம் அதற்கு மேலும் ஒன்று நடந்தது. பார்கவி சொல்லி முன்பே படத்தை அனுப்பி வைத்திருந்த ஓர் ஐரோப்பியத் திரைப்பட விழாவிலிருந்து பதில் வந்தது. ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிந்தது, ஆனால் படம் தேர்வாகியிருக்கிறது என்பது நன்றாகவே புரிந்தது. கீழே ஒரு குறிப்பு. படத்தின் முக்கிய நபர் படத்தை முழுவதும் பார்த்து, தன்னைக் காட்டியிருக்கும் விதத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்ட படிவத்தை இரண்டு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் தேர்வு ரத்து.

"ரிலீஸ் ஃபார்ம் வாங்கவே இல்லியா?" போனில் பார்கவியின் குரல் உயர்ந்தது. "நாலு வருஷமா?"

"அவங்கதான் கேமரா முன்னாடி நின்னாங்களே மேடம். அப்புறம் என்ன?"

பார்கவி தலையில் அடித்துக்கொண்டது போனிலேயே கேட்டது. பிறகு, ஒரு கையெழுத்துதானே, படத்தைப் போட்டுக் காட்டி வாங்கிவிடுங்கள் என்றார். லாயிட்டுக்கும் அது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

ஸ்ரீராம்புரம் தெருச் சங்கத்தின் செயலாளர் இளங்கோவன், மாடி ஹாலைத் திறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. சுவரில் புத்தர், அம்பேத்கர், நடுவில் வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டிய திரை. தெருவே கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தது. ஆண்கள் இஸ்திரி போட்ட சட்டையில், பெண்கள் தலை நிறையப் பூவோடு. லட்சுமம்மா அரக்குப் பட்டு கட்டி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாலு வருடம் எடுத்த வீடியோ, எல்லாருக்கும் தன் முகத்தைப் பார்க்கும் ஆசை.

படம் தொடங்கியது. வெறும் தெரு. ஒரு நிமிடம் பொறுத்தார்கள்.

"யப்பா, படம் நின்னுப்போச்சு. ஒயரை ஸ்வல்ப ஆட்டிப் பாரு," என்றது ஒரு குரல்.

"நிக்கல. அதோ நாய் போவுது பாரு," என்றது இன்னொன்று.

வைட்ஃபீல்டில் நிதானம் என்று பெயர் வாங்கிய ஷாட், இங்கே கரண்ட் பிரச்சினையாகி முடிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தன் முகத்துக்காகக் காத்திருந்தார்கள். முகம் வரவில்லை. துடைப்பம் வந்தது, சாக்கடை மூடி வந்தது, லட்சுமம்மாவின் வியர்த்த பிடரி வந்தது. மூன்று நாள் கேமரா முன்னால் நின்று பேசிய ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். "அது என் கை! வளையல் பாரு, என் கைதான்!" என்று ஒரு பெண் கத்தியபோது மட்டும் விசில் பறந்தது.

போகப் போக சத்தம் அடங்கியது. செல்லோ அழுதது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் லட்சுமம்மாவின் முழங்கையைத் தொட்டு, "ஏங்க்கா, உனக்கு இவ்ளோ கஷ்டமா? ஒரு வார்த்தை சொல்லலியே," என்று மெல்லக் கேட்டார். லட்சுமம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்குப் போட்டதும் லாயிட் படிவத்தோடும் பேனாவோடும் போய் நின்றார். இளங்கோவன் அதில் எழுதியிருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னார். லட்சுமம்மா முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"படம் நல்லா கீது, லாயிட்டு. யாரு அந்தம்மா?"

வழக்கமான கிண்டல் என்று நினைத்து லாயிட் சிரித்தார். லட்சுமம்மா சிரிக்கவில்லை.

"நெஜமாத்தான் கேக்கிறேன். மூஞ்சி என் மூஞ்சிதான். ஆனா அது நான் இல்ல. நாலு வருஷம் என் பின்னாடியே சுத்துனியே, ஒரு நாளாவது நான் இப்படி உம்முனு இருந்து பாத்தியா? நான் சிரிச்சதெல்லாம் எங்கப்பா போச்சு?"

"அது வந்து... படத்தோட டோன் அக்கா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தம்மாவைக் கூட்டிட்டு வா, அவங்களே கையெழுத்துப் போடட்டும்."

"அக்கா, வெளிநாட்டுல ஓடப் போவுது. நமக்கெல்லாம் பெருமை," என்று இளங்கோவன் நடுவில் புகுந்தார்.

"அப்ப இன்னும் மோசம். இங்க ஓடுச்சுன்னா நீங்கள்லாம் இருக்கீங்க, லட்சுமம்மா இப்படிக் கிடையாதுன்னு உங்களுக்குத் தெரியும். அங்க யாருக்குத் தெரியும்? இதான் நான்னு நெனச்சுக்குவாங்க." பேனாவை லாயிட்டின் சட்டைப் பையிலேயே சொருகிவிட்டார். "நான் சிரிக்கிறத எங்கனாச்சும் சேத்து எடுத்துட்டு வா தம்பி. ஸ்வல்ப போதும். கண்ணை மூடிட்டுப் போடறேன்."

கேட்டது நியாயம், செய்வதும் சுலபம். லாயிட் வீட்டுக்குப் போனதும் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். திங்கள் பார்த்தார், செவ்வாய் பார்த்தார். சிரிப்பு இருந்த இடத்திலெல்லாம் யார் யாருடைய கல்யாண வரவேற்போ உட்கார்ந்திருந்தது. மேஸ்திரி நடை இல்லை. வெடிகுண்டுக் கூடை இல்லை. பட்டாசுக் காகிதத்தின் நடுவில் துடைப்பத்தோடு ஆடிய அந்த முதல் நாளும் இல்லை. நாலு வருடத்தில் ஆயிரம் தடவை சிரித்த மனுஷியின் ஒரு சிரிப்பைக்கூட மிச்சம் வைக்காமல் துடைத்திருந்தார்.

லாயிட் அழுதார். விழா கையை விட்டுப் போகிறதே என்று பாதி, அந்தச் சிரிப்பு போய்விட்டதே என்று பாதி. எந்தப் பாதி பெரியது என்று அவருக்கே தெரியவில்லை. மௌரீன் காபியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

பார்கவி போனில் ஆறுதல் சொன்னார். "அவங்களுக்குப் புரிய வைங்க சார். குரல் இல்லாதவங்களுக்கு நாம குரல் குடுக்கிறோம், அவ்ளோதானே?"

அந்தக் குரலைத் தானே உட்கார்ந்து வெட்டியதை லாயிட் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கெடு. கோணலாக ஒரு கையெழுத்தைத் தானே போட்டு அனுப்பியிருந்தால் ஐரோப்பாவில் யார் வந்து சோதிக்கப் போகிறார்கள்? அந்த யோசனை வராமல் இல்லை. வந்தது, ஒரு நாள் முழுக்கக் கூடவே இருந்தது. ஆனால் அந்த அம்மாள் சொன்னது சரி என்று தெரிந்துபோன பிறகு கை எழவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் லட்சுமம்மா வீட்டுக்குப் போனார். ஒரு கையில் படிவம், தோளில் கேமராப் பை. லட்சுமம்மா அப்போதுதான் வேலை முடிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க சிரிச்சது எதுவும் இல்ல. எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டியா? ஏன்?"

"எடம் இல்ல அக்கா. மத்தவங்க கல்யாணத்துக்கு எடம் வேணும்னு..."

லட்சுமம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் தொடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நாலு வருஷம் வேகாத வெயில்ல என் பின்னாடி அலைஞ்சு, எல்லாத்தையும் நல்லா பெருக்கித் தள்ளிட்டான்! இருபத்தாறு வருஷமா நான்கூட இவ்ளோ சுத்தமா பெருக்கினதில்ல!" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினார். லாயிட்டுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கேமரா ஞாபகம் வந்து, பையைத் திறந்து, லென்ஸை மாட்டி நிமிர்வதற்குள் சிரிப்பு ஓய்ந்திருந்தது.

"இன்னொரு தரம் சிரிங்கக்கா, ப்ளீஸ்."

லட்சுமம்மா முயற்சி செய்துதான் பார்த்தார். பல் தெரிந்தது, அவ்வளவுதான்.

"விடு தம்பி. இதைப் போட்டா அந்தம்மாவே தேவலை," என்றார். பிறகு அவரை உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். கையெழுத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. கிளம்பும்போது லட்சுமம்மாவே ஆரம்பித்தார். "ஐப்பசியில என் பொண்ணு வனஜாவுக்குக் கல்யாணம். வேற ஆளுங்க யாரையும் கேக்கல. நீதான் வந்து எடுக்கணும். கல்யாணம்னா நல்லா எடுப்பே இல்ல?"

டைரக்டர் லாயிட்டுக்கு மூக்கு உடைந்தது. வீடியோ லாயிட் பையிலிருந்து டைரியை எடுத்துத் தேதியைக் குறித்துக்கொண்டார். மறுநாள் படத்தைத் திரும்பப் பெறுவதாக விழாவுக்கு இரண்டு வரி எழுதினார். பார்கவி அதற்குப் பிறகு அதிகம் பேசுவதில்லை. சமரசம் ஒரு கலைஞரை எப்படித் தின்றுவிடுகிறது என்று அவர் முகநூலில் எழுதியதை யாரோ லாயிட்டுக்குக் காட்டினார்கள்.

வனஜா கல்யாணம் நடந்தது. ஊர்வலத்தில் லட்சுமம்மா சம்பந்தியின் தம்பி ஆடிய ஆட்டத்தை அவர் கண் முன்னாலேயே ஆடிக் காட்டி, அவரையும் சேர்த்து ஆட வைத்தார். தாலி கட்டும்போது அழுதார். அழுதுகொண்டிருக்கும்போதே புரோகிதம் செய்தவர் தும்மியதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். லாயிட் அன்றைக்குச் செல்லோவையும் நினைக்கவில்லை, கனத்தையும் நினைக்கவில்லை. எல்லார் முகத்தையும் எடுத்தார்.

மூன்று வாரம் கழித்து அதே சங்க ஹாலில், அதே வேட்டித் திரையில் வீடியோவைப் போட்டார்கள். இரண்டு மணி நாற்பது நிமிடம். யாரும் எழுந்து போகவில்லை. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கூச்சல் எழுந்தது. முன்னால் கோபித்துக்கொண்டு போனவர் தன் முகம் வந்ததும் மறுபடி போடச் சொன்னார், மறுபடி போட்டார்கள். லட்சுமம்மா தன் சிரிப்பைத் தானே பார்த்து இன்னொரு முறை சிரித்தார்.

முடிந்ததும் நேராக லாயிட்டிடம் வந்தார்.

"அந்தப் பேப்பர் கொண்டாந்தியா?"

"எந்தப் பேப்பர் அக்கா?"

"கையெழுத்துப் பேப்பர்தான். இதுக்குப் போடறேன். இது நான்தான்."

கல்யாண வீடியோவுக்கு அதெல்லாம் தேவையில்லை என்று லாயிட் சொல்லவில்லை. டைரியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பேனாவோடு நீட்டினார். லட்சுமம்மா அதைச் சுவரில் வைத்து அழுத்திப் பிடித்து, தனக்குத் தெரிந்த கன்னட எழுத்தில் ஒவ்வொன்றாக எழுதி, ஒருமுறை சரிபார்த்துக் கொடுத்தார். லாயிட் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதை அனுப்பி வைக்க அவரிடம் எந்த விழாவும் இல்லை.